அச்சு நகர்ந்தால் அளவு பொய்க்கும்: அண்மை அகச்சிவப்பு ப்ரோப்களும் அலைநீளத் திருத்தமும்

மாத்திரை செய்யும் ஆலையில் ஈரத் துகள்களைச் சூடான காற்றில் மிதக்கவிட்டு உலர்த்தும் கலன் ஒன்று உண்டு. அதன் பக்கச்சுவரில் ப்ரோப் எனப்படும், விரல் பருமனுள்ள ஓர் எஃகுக் குழாயைச் செருகியிருப்பார்கள். குழாயின் நுனியில் சஃபையர் சன்னல். உள்ளே ஒளியிழைகள். கண்ணுக்குத் தெரியாத ஒளி அந்தச் சன்னல் வழியே போய்த் துகள்களில் பட்டுத் திரும்பும். சில நொடிகளுக்கு ஒரு முறை திரையில் ஈரப்பதம் எண்ணாக வந்து விழும்.

திரை 2.1 சதவீதம் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே துகளில் ஒரு கைப்பிடி எடுத்து ஆய்வுக்கூடத்தில் உலர்த்தி எடை போட்டால் 2.6 வருகிறது. இப்படி ஒரு வித்தியாசம் தெரிந்தால் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான்: “பயாஸ் 0.5 கூட்டிவிடு.” திரை காட்டும் எல்லா அளவோடும் அந்த மாறாத எண்ணைக் கூட்டியவுடன் திரையும் ஆய்வுக்கூடமும் ஒத்துப்போகின்றன. வேலை தொடர்கிறது.

அந்த 0.5 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. சன்னலில் மாவு ஒட்டியிருக்கலாம். மாதிரி எடுத்த இடம் வேறாக இருக்கலாம். ஆய்வுக்கூடத் தராசிலும் பிழை இருக்கலாம். இவற்றையெல்லாம் தேடிப் பார்ப்பவர்கள்கூடத் தொடாமல் விடுவது ஒன்று உண்டு: கருவியின் அலைநீள அச்சு. 1,450 நானோமீட்டர் என்று கருவி சொல்லும் இடம் உண்மையிலேயே 1,450 நானோமீட்டர்தானா? எண்ணைத் திருத்துவதற்கு முன்னால் அச்சைச் சோதிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மேற்சுரங்களின் களம்

இசைக்கலைஞராக வாழ்க்கையைத் தொடங்கி வானியலுக்கு வந்த வில்லியம் ஹெர்ஷல், 1800-இல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, நிறமே தெரியாத இடத்தில் வெப்பமானி மேலும் ஏறியது. அகச்சிவப்பு அப்படித்தான் தெரியவந்தது. 1881-இல் வில்லியம் ஆப்னியும் ஃபெஸ்டிங்கும் அகச்சிவப்பை உணரும் புகைப்படத் தகடுகளைக் கொண்டு கரிமத் திரவங்களின் உறிஞ்சல் பட்டைகளைப் பதிவு செய்தார்கள். சிவப்பை ஒட்டிய அந்தப் பகுதியில், ஏறத்தாழ 780 முதல் 2,500 நானோமீட்டர் வரை இருப்பதைத்தான் இன்று அண்மை அகச்சிவப்பு என்கிறோம்.

மூலக்கூறுகளின் பிணைப்புகள் அதிர்கின்றன. அவற்றின் அடிப்படை அதிர்வுகள் இன்னும் நீண்ட அலைநீளங்களில், நடு அகச்சிவப்பில் விழும். அண்மை அகச்சிவப்பில் நாம் பார்ப்பவை அவற்றின் மேற்சுரங்களும் கூட்டு அதிர்வுகளுமே. ஹைட்ரஜன் ஒரு முனையில் இருக்கும் பிணைப்புகளே, அதாவது ஆக்சிஜன்–ஹைட்ரஜன், கார்பன்–ஹைட்ரஜன், நைட்ரஜன்–ஹைட்ரஜன் ஆகியவையே, இங்கே உரக்கப் பேசுகின்றன. நீர் 970, 1,450, 1,940 நானோமீட்டரை ஒட்டித் தன் இருப்பைக் காட்டும். பட்டைகள் அகலமானவை, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பவை. அதனால் வேதியியலாளர்கள் இந்தப் பகுதியை நெடுங்காலம் ஒதுக்கியே வைத்திருந்தார்கள்.

அதை மாற்றியவர் ஒரு வேளாண் பொறியாளர். அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் கார்ல் நோரிஸ் 1960-களில் தானியங்களின் ஈரத்தை இந்த ஒளியால் அளந்து காட்டினார். மேற்சுரங்களின் உறிஞ்சல் மெலிவானது என்பதே இங்கே வரமாயிற்று. ஒளி பொருளுக்குள் ஆழமாகப் போகும்; மாதிரியை அரைத்துக் கரைக்க வேண்டியதில்லை; சாதாரணக் கண்ணாடி இழையிலேயே ஒளியைத் தொலைவுக்குக் கொண்டுபோகலாம். 1975-இல் கனடாவின் தானிய ஆணையம் கோதுமையின் புரத அளவுக்கு இம்முறையை ஏற்றது. அமிலத்தில் வேகவைத்து நைட்ரஜனை அளக்கும் ஜெல்டால் முறையின் இடத்தை ஒளி பிடித்தது. 1989-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 660 முதல் 1,215 நானோமீட்டர் வரையிலான நிறமாலையிலிருந்து பெட்ரோலின் ஆக்டேன் எண்ணைக் கணித்துக் காட்டினார்கள். 2004-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் செயல்முறைப் பகுப்பாய்வுத் தொழில்நுட்பம் பற்றிய வழிகாட்டுதலை வெளியிட்டது. அதன்பின் மருந்து ஆலைகளின் கலன்களிலும் உலர்த்திகளிலும் ப்ரோப்கள் பெருகின.

ஆய்வுக்கூட மேசையில் இருந்த கருவி இப்படி ஆலைக்குள் இறங்கியபோது அதன் பாதுகாப்பான சூழலை இழந்தது. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

மாடலுக்குக் கண் இல்லை

ஒரு கருவியின் அலைநீள மறுமொழியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று உயரம்: குறிப்பிட்ட அலைநீளத்தில் எவ்வளவு ஒளி வந்தது? மற்றது இடம்: அது எந்த அலைநீளம்?

உயரத்தைச் சரிசெய்வது ஒப்பீட்டளவில் எளிது. விளக்கு எல்லா அலைநீளத்திலும் ஒரே அளவு எரிவதில்லை. உணரியும் எல்லாவற்றையும் ஒரே கூர்மையோடு பார்ப்பதில்லை. இழையும் வழியில் கொஞ்சம் உறிஞ்சுகிறது. ஏறத்தாழ 99 சதவீத ஒளியைத் திருப்பித் தரும் வெள்ளைத் தட்டை முதலில் அளந்து, மாதிரியின் அளவை அதனால் வகுத்தால் இவையெல்லாம் கழன்றுவிடும். ஆனால் அந்த வகுத்தல் இடத்தைத் தொடுவதேயில்லை. அச்சு அரை நானோமீட்டர் நகர்ந்திருந்தால் வெள்ளைத் தட்டும் நகர்ந்தே பதிவாகும், மாதிரியும் நகர்ந்தே பதிவாகும். வகுத்தபின் வரும் நிறமாலை பார்வைக்கு அப்பழுக்கில்லாமல் இருக்கும்.

அதிலிருந்து ஈரப்பதத்தையோ புரதத்தையோ கணிப்பது பெரும்பாலும் பி.எல்.எஸ். எனப்படும் பகுதிச் சிறும வர்க்க மாடல். பல நூறு அலைநீளங்களில் ஒவ்வொன்றுக்கும் அது ஓர் எடையை வைத்திருக்கிறது. மாதிரியின் உறிஞ்சலை அந்த எடையால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால் விடை. மாடல் அறிந்ததெல்லாம் வரிசை எண் மட்டுமே. நூற்று எண்பதாவது எண் எந்த அலைநீளத்துக்கு உரியது என்று அது கேட்காது. வரிசை இடம்பெயர்ந்தால் பக்கத்து வீட்டுக்காரனின் எடையால் இவனைப் பெருக்கிவிட்டு, எந்தத் தயக்கமும் இல்லாமல் ஓர் எண்ணைச் சொல்லும்.

பிழையின் பருமனைக் கணக்கிட்டே பார்க்கலாம். மணி வடிவமுள்ள ஓர் உறிஞ்சல் பட்டை. உயரம் 1 அலகு, பாதி உயரத்தில் அகலம் 100 நானோமீட்டர். அதன் சரிவு மிகச் செங்குத்தாக இருக்கும் இடத்தில் ஒரு நானோமீட்டருக்கு உறிஞ்சல் ஏறத்தாழ 0.014 மாறும். அச்சு அரை நானோமீட்டர் நகர்ந்தால் 0.007. நல்ல கருவியின் இரைச்சல் 0.00005 அளவிலேயே இருக்கும். அதாவது அரை நானோமீட்டர் பிசகு, இரைச்சலைப்போல 140 மடங்கு பொய்ச் சைகையை உண்டாக்குகிறது.

நீர் தானே அளக்கும் பொருளாக இருந்தால் இதைத் தாங்கிக்கொள்ளலாம். நொதித்தல் கலனில், பெரிய நீர்ப்பட்டையின் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிதளவு சர்க்கரையைத் தேடும்போது நிலைமை வேறு. சர்க்கரையின் முழுச் சைகையும் 0.015 என்று கொண்டால், அச்சின் பிசகு அதில் கிட்டத்தட்டப் பாதியை விழுங்கிவிடும். அலைநீளம் 1 நானோமீட்டருக்குள் இருந்தால் போதும் என்பது மருந்தியல் நூல்களில் காணும் வழக்கமான வரம்பு. கருவி அந்தத் தேர்வில் தேறியிருக்கலாம். அதே கருவியில் ஓடும் மாடல் தேறாமல் போகலாம்.

பயாஸ் கூட்டும் வழக்கம் ஏன் தவறு என்பதும் இக்கணக்கிலேயே இருக்கிறது. அச்சு நகர்வதால் வரும் பிழை பட்டையின் சரிவைப் பொறுத்தது. சரிவோ பட்டையின் உயரத்தைப் பொறுத்தது. ஆக 2 சதவீத ஈரத்தில் 0.5 பிசகினால், 8 சதவீதத்தில் பிசகு அதைப்போல ஏறத்தாழ நான்கு மடங்காக இருக்கும். மாறும் பிழையின்மேல் மாறாத எண்ணைக் கூட்டுகிறோம். உலர்த்தலின் முடிவில் எண் சரியாகத் தெரியும். தொடக்கத்தில் தவறாகவே இருக்கும். அடுத்த சரக்குக்கு மாறும்போது எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாது.

மைக்ரோமீட்டர் கணக்கு

அச்சு எப்படி நகர்கிறது? ஆலைகளில் பரவலாக உள்ள ஒரு வகைக் கருவியைத் திறந்து பார்ப்போம். இழை வழியே வந்த ஒளி மெல்லிய பிளவில் நுழைகிறது. கீற்றணியில் பட்டு அலைநீளவாரியாகப் பிரிகிறது. இண்டியம் காலியம் ஆர்சனைடு உணரி வரிசையின்மேல் விழுகிறது. 900 முதல் 1,700 நானோமீட்டர் வரையிலான பரப்பை 256 பிக்சல்கள் பங்கிட்டுக்கொள்கின்றன என்றால் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 3.1 நானோமீட்டர். ஒரு பிக்சலின் அகலம் 50 மைக்ரோமீட்டர். அப்படியானால் ஒளி 1.6 மைக்ரோமீட்டர் தள்ளி விழுந்தாலே அச்சு 0.1 நானோமீட்டர் பிசகிவிடும்.

1.6 மைக்ரோமீட்டர் என்பது தலைமுடிப் பருமனில் நாற்பதில் ஒரு பங்கு அளவு. 100 மில்லிமீட்டர் நீளமுள்ள அலுமினியத் தகடு 10 டிகிரி சூடேறினால் 23 மைக்ரோமீட்டர் நீள்கிறது. வடிவமைப்பாளர்கள் இந்த விரிவின் பெரும்பகுதி ஒன்றையொன்று ஈடுசெய்யும்படி கருவியைக் கட்டுகிறார்கள். ஆனாலும் எஞ்சி நிற்கும் சிறு பங்கே போதும். கருவிப்பெட்டியின் குளிரூட்டி ஒரு சித்திரை மதியம் நின்றுபோனால் அச்சு நகராது என்று எவரும் உறுதி சொல்ல முடியாது.

இரண்டாவது வகை, குறுக்கீட்டுமானியைக் கொண்டு ஃபூரியே உருமாற்றம் செய்யும் கருவி. இதில் கண்ணாடி நகரும் தொலைவை ஒரு லேசர் ஒளியே அளந்துகொண்டிருக்கும். ஹீலியம்–நியான் லேசரின் 632.8 நானோமீட்டர் இயற்கை தந்த அளவுகோல், மிக நிலையானது. அதனால்தான் இவ்வகைக் கருவிகளின் அச்சைப் பெரிதும் நம்புகிறார்கள். ஆனால் நவீனக் கருவிகள் பலவற்றில் அதன் இடத்தில் குறைகடத்தி லேசர் வந்துவிட்டது. அதன் அலைநீளம் வெப்பநிலையோடு நகரக்கூடியது. அது 0.01 சதவீதம் பிசகினால் 1,000 நானோமீட்டரில் 0.1-உம் 2,000 நானோமீட்டரில் 0.2-உம் பிசகும். அச்சு முழுவதும் ஒரே விகிதத்தில் நீளும் அல்லது சுருங்கும்.

இரண்டு வகைப் பிழைக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வீணை உதவும். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதித்தவை. தந்தி தளர்ந்து சுருதி இறங்கினால் பிரடையை முறுக்கினால் போதும். எல்லாச் சுரங்களும் ஒரே விகிதத்தில் ஏறிவிடும். மெழுகு இளகி மெட்டுகளே இடம் மாறினால் பிரடை உதவாது. மேளம் கட்டத் தெரிந்தவரை அழைத்து ஒவ்வொரு மெட்டையும் அதனதன் சுரத்தில் நிறுத்த வேண்டும். லேசர் பிசகு பிரடைப் பிசகு. நம்பகமான ஒரே ஒரு கோட்டைக் கொண்டு திருத்திவிடலாம். கீற்றணிக் கருவியின் பிசகு மெட்டுப் பிசகு. அச்சு நெடுகப் பல இடங்களில் சோதித்தாக வேண்டும்.

மூன்றாவது காரணம் ப்ரோப்பும் இழையும். இழை அலைநீளத்தை மாற்றாது. ஆனால் இழையிலிருந்து வரும் ஒளி பிளவை எப்படி நிரப்புகிறது என்பது மாறினால் உணரியில் விழும் கோட்டின் நடுப்புள்ளி மாறும். குறுக்கீட்டுமானியிலும் ஒளிக்கற்றை அச்சிலிருந்து சாய்ந்தால் அலையெண் அளவு சுருங்கித் தெரியும். இணைப்பைக் கழற்றித் திரும்ப மாட்டுவது, இழையை வேறு வழியில் வளைத்துக் கட்டுவது, விளக்கை மாற்றுவது என யாரும் பெரிதாக நினைக்காத பராமரிப்பு வேலைகள் எல்லாம் அச்சைத் தொடக்கூடியவை. தொழிற்சாலையில் தயாரிப்பாளர் கொடுத்த சான்றிதழ் அன்றைய இழைக்கும் அன்றைய விளக்குக்கும் உரியது.

எதை வைத்து ஒப்பிடுவது?

அச்சைச் சோதிக்க, இடம் மாறாத கூர்மையான அடையாளங்கள் வேண்டும். வாயு மின்னிறக்க விளக்குகள் தரும் கோடுகள் மிகக் கூர்மையானவை: ஆர்கானின் 912.30, 965.78, 1,694.06, பாதரசத்தின் 1,013.98 நானோமீட்டர். அணுவின் ஆற்றல் நிலைகளே இவற்றைத் தீர்மானிப்பதால் இவை பழசாவதில்லை. ஆனால் விளக்கின் ஒளியை வேறோர் இழை வழியே நேராகக் கருவிக்குள் விட்டால், ப்ரோப் வழியே வரும் ஒளி பிளவை நிரப்பும் விதம் சோதனைக்குள் வராமலே போய்விடும்.

ப்ரோப் நுனியிலேயே வைத்துப் பார்க்கத் திண்மப் பொருள் வேண்டும். திண்மங்களின் பட்டைகள் பொதுவாக அகலமானவை. இதற்கு விதிவிலக்கு அருமண் தனிமங்கள். ஹோல்மியம், எர்பியம், டிஸ்ப்ரோசியம் ஆகியவற்றின் 4எஃப் எலக்ட்ரான்களை வெளிக்கூடுகள் மூடிப் பாதுகாக்கின்றன. சுற்றியுள்ள அணுக்களின் இடையூறு உள்ளே எட்டாததால் இவற்றின் ஆக்சைடுகள் திண்ம நிலையிலும் கூரிய பட்டைகளைத் தருகின்றன. இந்த மூன்று ஆக்சைடுகளையும் கலந்து அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனம் உருவாக்கியதுதான் எஸ்.ஆர்.எம். 1920 என்ற எதிரொளிப்பு நியமப் பொருள். அருமண் ஆக்சைடுகளைக் கண்ணாடியில் உருக்கிச் சேர்த்தவை பின்னால் வந்தன: ஊடுருவும் ஒளிக்கு எஸ்.ஆர்.எம். 2035, எதிரொளிக்கும் ஒளிக்கு 2036. எர்பியம் ஆக்சைடு கலந்த வெள்ளைத் தட்டுகள் கடைகளிலேயே கிடைக்கின்றன.

வேறு எளிய பொருள்களும் உண்டு. டைகுளோரோமீத்தேன் திரவம் 1,155, 1,366, 1,417, 1,690, 1,838, 1,894, 2,068, 2,245 நானோமீட்டரில் தெளிவான பட்டைகளைத் தரும். முகப்பவுடரின் மூலப்பொருளான டால்க் 948, 1,391, 2,312-இல் தரும். ஃபூரியே கருவிகளுக்கு அறைக்காற்றின் நீராவியே போதும், சென்டிமீட்டருக்கு 7,181.68 அலைகள் என்ற அலையெண்ணில், அதாவது ஏறத்தாழ 1,392.4 நானோமீட்டரில், நீராவிக்கு மயிரிழை போன்ற கோடு இருக்கிறது.

நியமப் பொருளை வாங்கிவிட்டால் மட்டும் போதாது. அதன் சான்றிதழைப் படிக்கத் தெரிய வேண்டும். இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, பட்டையகலம். அருமண் பட்டைகள் பலவும் அருகருகே ஒட்டியவை. நுணுக்கமான கருவி இரண்டாகப் பார்ப்பதைக் கரடான கருவி ஒன்றாகப் பார்க்கும். உச்சியின் இடமும் மாறும். தன் கருவியின் பட்டையகலத்துக்குரிய மதிப்பையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, உச்சியைக் கண்டுபிடிக்கும் முறை. எஸ்.ஆர்.எம். 2035-இன் சான்றிதழ் மதிப்புகள் பட்டையின் ஈர்ப்பு மையத்தைக் குறிப்பவை. சமச்சீரற்ற பட்டையில் ஈர்ப்பு மையமும் உச்சியும் ஒன்றாக இருப்பதில்லை.

மூன்றாவது, காற்றும் வெற்றிடமும். காற்றின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.00027. அதனால் வெற்றிடத்தில் 1,500 நானோமீட்டர் என்பது காற்றில் 0.4 நானோமீட்டர் குறைவு. அலையெண்ணில் வெற்றிட மதிப்பைத் தரும் சான்றிதழை, காற்று அலைநீளத்தில் பேசும் கருவியோடு அப்படியே ஒப்பிட்டால், நன்றாக இருக்கும் கருவியை நாமே 0.4 நானோமீட்டர் கெடுத்துவிடுவோம்.

ப்ரோப் நுனியில் ஒரு சோதனை

உலர்த்தும் கலனின் ப்ரோப்பை வெளியே இழுத்து ஒரு தாங்கியில் நிறுத்தியிருக்கிறோம். விளக்கு எரியத் தொடங்கி அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். விளக்கும் உணரியும் நிலைகொள்ள அந்த நேரம் தேவை. சஃபையர் சன்னலை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடைக்கிறோம். வெள்ளைத் தட்டை நுனியில் பொருத்தி முதல் அளவை எடுக்கிறோம். தட்டை எடுத்துவிட்டு, அதே தொலைவில், அதே சாய்வில் எர்பியம் தட்டை வைக்கிறோம். கையால் பிடிக்கக் கூடாது. தாங்கியின் பள்ளத்தில் உட்கார வேண்டும். தட்டின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்கிறோம். எடுத்து வைத்து, எடுத்து வைத்துப் பத்து முறை அளக்கிறோம்.

இனி உச்சியைத் தேட வேண்டும். பிக்சலுக்குப் பிக்சல் 3.1 நானோமீட்டர் இடைவெளி உள்ள கருவியில் 0.1 நானோமீட்டர் பிசகை எப்படிக் காண்பது? பிக்சல்களுக்கு நடுவே பரவளையம் ஒன்றைப் பொருத்திக் காணலாம். உதாரணத்துக்கு, அடுத்தடுத்த மூன்று பிக்சல்களில் உறிஞ்சல் 0.412, 0.436, 0.418. நடுப்பிக்சல் உயரமானது, வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடக் கொஞ்சம் மேலே. மூன்று புள்ளிகள் வழியே செல்லும் பரவளையத்தின் உச்சி, நடுப்பிக்சலிலிருந்து 0.07 பிக்சல் வலப்பக்கம் விழுகிறது, அதாவது 0.22 நானோமீட்டர். பத்து முறை அளந்ததில் இந்த எண் 0.02-க்குள் நின்றால் 0.1 நானோமீட்டர் பிசகைத் தயங்காமல் பேசலாம். ஒவ்வொரு முறையும் 0.2 அலைந்தால், அச்சைக் குறைசொல்வதற்கு முன் தாங்கியையும் சன்னலையும் பார்க்க வேண்டும்.

இதே போல அச்சின் இரு முனைகளிலும் நடுவிலுமாக ஏழெட்டுப் பட்டைகளுக்குச் செய்து, கண்ட இடத்துக்கும் சான்றிதழ் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வரைபடமாக்கினால் கருவி தன் கதையைச் சொல்லிவிடும். எல்லாப் புள்ளிகளும் ஒரே உயரத்தில் நின்றால் மொத்த அச்சும் நகர்ந்திருக்கிறது. சாய்ந்த கோடாக வந்தால் நீண்டிருக்கிறது அல்லது சுருங்கியிருக்கிறது. வளைந்தால் கீற்றணி, உணரி ஆகியவற்றின் அமைப்பே மாறியிருக்கிறது.

குழாயோடு பற்றவைத்த ப்ரோப்பை வெளியே எடுக்க முடியாது. அங்கே நிறமாலையில் தானாக வரும் அடையாளங்களே துணை. கண்ணாடி இழைக்குள் எஞ்சியிருக்கும் ஹைட்ராக்சில் 1,383 நானோமீட்டரை ஒட்டி ஒளியை உறிஞ்சும். வெள்ளைத் தட்டு அளவுக்கும் மாதிரி அளவுக்கும் இடையில் அச்சு நகர்ந்திருந்தால், வகுத்தபின் அந்த இடத்தில் ஒருபுறம் மேடும் மறுபுறம் பள்ளமுமாக ஒரு சுழிப்பு எஞ்சும். பலர் அதை இரைச்சல் என்று மழுக்கிவிடுகிறார்கள். மழுக்குவதற்கு முன் அதைப் படித்துவிட வேண்டும்.

விலகலைக் கண்டபின்

ஃபூரியே கருவியில் லேசரின் மதிப்பைத் திருத்தினால் போதும். கீற்றணிக் கருவியில் பிக்சல் எண்ணை அலைநீளமாக மாற்றும் பல்லுறுப்புக் கோவையை மறுபடி பொருத்த வேண்டும். மூன்றாம் படிக் கோவைக்கு நான்கு கெழுக்கள். நான்கே கோடுகளைக் கொண்டு பொருத்தினால் பொருத்தம் எப்போதும் பிழையற்றதாகத் தெரியும், தவறான கோடு ஒன்று புகுந்திருந்தாலும்கூட. ஏழெட்டுக் கோடுகள் இருந்தால்தான் எஞ்சும் பிழை நமக்கு எதையாவது சொல்லும். கடைசிக் கோட்டுக்கு அப்பால் உள்ள அச்சை நம்பக் கூடாது. அங்கே கோவை தன்னிஷ்டத்துக்கு வளையும்.

ஒரு கருவியில் உருவாக்கிய மாடலை இன்னொன்றுக்கு மாற்றும்போதும் இதே ஒழுங்குதான். பென்சில்வேனியாவில் தீவன ஆய்வில் ஈடுபட்டிருந்த ஜான் ஷெங்க், மார்க் வெஸ்டர்ஹாஸ் இருவரும் 1989-இல் காப்புரிமை பெற்ற முறை முதலில் அலைநீளத்தைப் பொருத்தி, பிறகே உயரத்தைப் பொருத்துகிறது. 1991-இல் வாங், வெல்ட்காம்ப், கோவல்ஸ்கி மூவரும் வெளியிட்ட முறை தாய்க் கருவியின் ஒவ்வோர் அலைநீளத்தையும் சேய்க் கருவியில் அதைச் சுற்றியுள்ள சில அலைநீளங்களோடு இணைக்கிறது. சிறு நகர்வுகளை அந்த அலைநீளத் தொகுப்பே ஏற்றுக்கொள்ளும். மாடலை உருவாக்கும்போதே வேண்டுமென்று சிறிது நகர்த்திய நிறமாலைகளையும் சேர்த்து, நகர்வைப் பொருட்படுத்தாத எடைகளை அதற்குக் கற்றுக்கொடுப்பதும் உண்டு. நல்ல முறைகள்தாம். ஆனால் எந்த அளவு நகர்வுக்கு மாடலைப் பழக்கினோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். அதற்கும் அச்சை அளந்தே ஆக வேண்டும்.

நீரும் இடம் மாறும்

ஓர் எச்சரிக்கை. நிறமாலையில் பட்டை நகர்ந்தால் எல்லாமே அச்சின் குற்றமாகாது. நீர் சூடேறும்போது மூலக்கூறுகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புகள் தளரும். 1,450-ஐ ஒட்டிய பட்டை குட்டையான அலைநீளத்தை நோக்கி நகரும். கருவி சரியாகவே இருக்கும், நீரே மாறியிருக்கும். இதைப் பார்த்து அச்சைத் திருத்தினால் இல்லாத பிழையை உண்டாக்கியவர்களாவோம். அதனால்தான் அச்சுக்கான தீர்ப்பைச் செயல்முறைப் பொருளின் அகன்ற பட்டையிடம் விடாமல், நியமப் பொருளின் கூரிய பட்டையிடம் கேட்க வேண்டும். எர்பியம் தட்டில் பட்டை நிலைத்து நின்று, கலனில் மட்டும் நகர்ந்தால் அது வேதியியல் சொல்லும் செய்தி. இரண்டிலும் ஒரே திசையில் நகர்ந்தால் கருவியின் செய்தி.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

இதற்கெல்லாம் பெரும் செலவில்லை. நியமத் தட்டு ஒன்று, அது உட்காரத் தாங்கி ஒன்று, அரை மணி நேரம். விளக்கை மாற்றிய அன்று, இழையைக் கழற்றி மாட்டிய அன்று, கருவிப்பெட்டியின் குளிரூட்டி பழுதான அன்று, இவை எதுவும் நடக்காவிட்டாலும் குறித்த இடைவெளியில் ஒரு நாள், ப்ரோப் நுனியிலேயே அச்சைச் சோதித்து, தேதியோடும் வெப்பநிலையோடும் எழுதி வைத்தால் போதும். ஆறு மாத எண்களை ஒரு தாளில் வரைந்தால் கருவி எந்தத் திசையில் நகர்கிறது, எப்போது எல்லையைத் தொடும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அந்த ஏட்டைப் பார்க்காமல் கூட்டும் ஒவ்வொரு பயாஸும் ஒரு கேள்வியை மூடி வைக்கிறது. உலர்த்தியை எப்போது நிறுத்துவது என்று திரையில் வரும் எண்தான் சொல்கிறது. அதை நம்பி நிறுத்திய துகள்தான் மாத்திரையாகி ஒரு நோயாளியின் கைக்குப் போகிறது. ஆகவே ப்ரோப்களோடு வேலை செய்யும் ஒவ்வொருவரிடமும் வேண்டிக்கொள்வது இதுதான்: அடுத்த முறை திரையும் ஆய்வுக்கூடமும் முரண்படும்போது, எண்ணில் கைவைப்பதற்கு முன் நியமத் தட்டைக் கையில் எடுங்கள்.